எழுதியவர் பெயர் உதிர்கிறது, எழுதப்பட்டவர் பெயர் நிற்கிறது: கைமாறும் காதல் கவிதைகளின் உரிமை

கொழும்பில் தமிழர் எழுதும் காதல் கவிதைகளில் மிகப் பல, அச்சகத்தின் பக்கமே போகாமல், கையடக்கத் தொலைபேசியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வாழ்கின்றன. அவற்றை எழுதுவோர் பெரும்பாலும் தம்மைக் கவிஞர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளாதவர்கள்: வங்கியில் பணிபுரிபவர், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர், புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கெழுதுபவர். இவர்களில் ஒருவர் எழுதிய பத்து வரி நண்பர்களிடையே ‘அருமை’ பெற்று, அங்கிருந்து அறியாதவர்களிடம் போய், பிறகொரு நாள் திருமண அழைப்பிதழிலோ, வானொலி நிகழ்ச்சியிலோ, யாரோ குரல் கொடுத்த காணொளியிலோ பெயரின்றித் தலைகாட்டும்போது சச்சரவு தொடங்குகிறது. பொதுவில் போட்டது எல்லோருக்கும் சொந்தம் என்கிறார் ஒருவர். பதிவு செய்யாத கவிதைக்கு உரிமை கிடையாது என்கிறார் இன்னொருவர். நாலு வரிக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறார் மூன்றாமவர். முதலிரண்டும் சட்டப்படி தவறு. மூன்றாவது சட்டப்படி மட்டுமன்றித் தமிழ் மரபின்படியும் தவறு.

சில சொற்களின் பொருள்

பேச்சில் ‘உரிமை’ என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களுக்கு வழங்குவதால்தான் வாதம் குழம்புகிறது.

1. பதிப்புரிமை என்பது ஓர் ஆக்கத்தைப் படியெடுக்கவும், பொதுமக்களுக்கு வழங்கவும், மொழிபெயர்க்கவும், மாற்றியமைக்கவும், ஒலிபரப்பவும் ஆக்கியோனுக்குச் சட்டம் தரும் உரிமைகளின் தொகுதி. இதன் பணம் சார்ந்த பகுதியைப் பொருளாதார உரிமை என்பர். இதை விற்கலாம், பிறருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

2. தார்மீக உரிமை என்பது ஆக்கத்தோடு தன் பெயர் நிற்க வேண்டும் என்றும், தன் நற்பெயருக்கு ஊறு வரும்படி அதைச் சிதைக்கக்கூடாது என்றும் கேட்கும் உரிமை. பொருளாதார உரிமையை விற்றுவிட்ட பிறகும் இது ஆக்கியோனிடமே இருக்கும்.

3. அந்தரங்கம் என்பது கவிதையை எழுதியவருக்கன்றி, கவிதையில் எழுதப்பட்டவருக்கு உரியது. காதல் கவிதையில் மட்டும் இந்த மூன்றாவது விடயம் தவறாமல் கூடவே வருகிறது. நிலாவைப் பற்றிய கவிதையில் நிலாவுக்கு அந்தரங்கம் கிடையாது. வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் மாலை ஐந்தரைக்கு இறங்கும் ஒருவரைப் பற்றிய கவிதையில் அவருக்கு உண்டு.

பெயர் எங்கே உதிர்கிறது?

யாரோ ஒருவர் வேண்டுமென்றே பெயரை வெட்டுவதாகத்தான் எழுதியவர்கள் பொதுவாக நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கிறது. ஆனால் கூடுதலான பெயர்கள் உதிர்வது பகிரும் முறையின் இயல்பினால்தான்.

1. முகநூலில் ‘பகிர்’ என்ற பொத்தானை அழுத்தினால் முதலில் பதிந்தவரின் பெயரும் கூடவே வரும். எழுத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து மட்டும் வரும். கவிதையின் அடியில் பெயர் போடாமல், தன் கணக்கின் பெயரே போதும் என்று நினைத்தவருடைய கவிதை, முதல் நகலிலேயே அநாதையாகிவிடுகிறது.

2. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஃபோர்வர்ட் செய்தால், அது ஃபோர்வர்ட் செய்யப்பட்டது என்ற குறிப்பு மட்டும் வரும். முதலில் அனுப்பியவர் யார் என்பது வராது. பல கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழுகிறது. 2019 ஜனவரியிலிருந்து ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இவை வதந்தியைத் தடுக்க வந்த கட்டுப்பாடுகள். இவற்றைத் தாண்ட விரும்புபவர் எழுத்தை நகலெடுத்துப் புதிய செய்தியாக ஒட்டிவிடுகிறார். அத்தோடு ஃபோர்வர்ட் என்ற குறிப்பும் போய்விடுவதால், பெறுபவர் கண்ணுக்கு அது அனுப்பியவரே எழுதியது போலத் தோன்றும்.

3. ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்பு நேர்மையானது போலத் தோன்றினாலும், அது சொல்வது வாசகரின் விருப்பத்தை மட்டுமே. எழுதியவர் யாரென்ற கேள்வியை எழவிடாமல் அது அடைத்துவிடுகிறது.

முந்தைய வழிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின. வாசகர் அனுப்பும் கவிதை அச்சேறும்போது அதன் கீழே பெயரும் ஊரும் அச்சாவது பத்திரிகை வழக்கம். 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மேடையிலோ, வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி தினங்களில் நடத்திவந்த கவியரங்குகளிலோ, கவிதைக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று வாசித்தார். ஆளைக் கழற்றிவிட்டுக் கவிதையை மட்டும் கேட்க அங்கே வழியில்லை. இன்றைய வழி அவ்விரண்டையும்விட வேகமானது, எவரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காதது. அதற்கு விலையாகப் போவது பெயர்.

தொழில்முறைப் பாடலாசிரியருக்குப் பெயர் போனால் வருமானம் குறையலாம். ஆனால் அவருக்கு ஒப்பந்தம் இருக்கும், அடுத்த பாடல் இருக்கும். ஆர்வத்துக்கு எழுதுபவருக்குக் கிடைக்கும் மொத்தக் கூலியும் பெயரும் அந்தப் பெயருக்கு வரும் ‘அருமை’யும்தான். அதனால் சிறிய கவிதை, பெரிய இழப்பில்லை என்ற வாதம் தலைகீழானது.

இரண்டு பெயர்கள், இரண்டு விதிகள்

காதல் கவிதையில் யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணம் வெகு முன்னரே எடுத்துக்கொண்டது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் சொல்வது இது:

‘மக்கள் நுதலிய அகனைந் திணையும்
சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’

மனிதரின் அன்பைப் பொருளாகக் கொண்ட ஐந்திணைப் பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது. ஆகவே தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப் பெயர்களே அங்கு பேசுகின்றன. இந்த விதி பெயரோடு நின்றுவிடவும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை பிரிவுத் துயரைப் பாடும் பாட்டு. அதில் அரசன் பெயர் வரவில்லை. ஆயினும் அவனுடைய படைவீரன் ஏந்திய வேலில் வேம்பு சூட்டப்பட்டிருப்பதாக ஒரு தொடர் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதால், ஆளை இன்னார் என்று காட்டிவிட்ட பாட்டு அகமாகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறத்தில் வைத்தார். பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் சொன்னால் சொன்னதுதான் என்பது அவர் கொண்ட முடிவு. அடிகளின் முதலெழுத்துகளைக் கூட்டினால் காதலியின் பெயர் வரும்படி எழுதிவிட்டு, ‘நான் யாரையும் குறிப்பிடவில்லையே’ என்று சொல்பவர் இந்த உரையைப் படித்துப் பார்க்கலாம்.

பாடப்பட்டவர் பெயரை இப்படி மறைத்த அதே மரபு, பாடியவர் பெயரைக் காக்க எவ்வளவு பாடுபட்டது என்பது குறுந்தொகையில் தெரிகிறது. தொகுத்தவர்களின் கைக்கு வந்தபோதே சில பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் தெரியாமல் போயிருந்தது. அவர்கள் ‘யாரோ’ என்று எழுதி நகர்ந்துவிடவில்லை. பாட்டிலேயே மின்னிய ஒரு தொடரை எடுத்து, அதையே பெயராக்கினார்கள். ‘செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று பாடியவர் செம்புலப் பெயனீரார் ஆனார். ‘அணிலாடு முன்றில்’ என்றவர் அணிலாடு முன்றிலார். ‘மீனெறி தூண்டிலின்’ என்றவர் மீனெறி தூண்டிலார். காமநோயோடு தனியாக மோதுவதை, விலக்குவாரில்லாத குப்பைக் கோழிகளின் சண்டைக்கு ஒப்பிட்டவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர் விழுந்தது. பெயர் அவ்வளவு மதிப்பாக இல்லைதான். ஆனாலும் பெயரில்லாமல் விடுவதைவிட அது மேல் என்று தொகுத்தவர்கள் கருதியிருக்க வேண்டும். ஒரு கவிதைக்கு உரியவர் ஒருவர் இருந்தார், அவரை எங்களுக்குத் தெரியவில்லை என்பதை அந்தப் பெயர் அறிவிக்கிறது. இன்றைய ‘படித்ததில் பிடித்தது’ அதை அறிவிப்பதில்லை.

ஆக, அகமரபு இரண்டு பெயர்களையும் இரு வேறு வழியில் நடத்தியது. இன்று கைமாறும் காதல் கவிதைகளில் இது சரியாகத் தலைகீழாகிக் கிடக்கிறது: எழுதப்பட்டவருடைய பெயரோ, அவர் வேலை செய்யும் இடமோ, சில வேளைகளில் அவர் படமோ கவிதைக்குள்ளேயே இருப்பதால் எத்தனை கை மாறினாலும் உதிர்வதில்லை, எழுதியவர் பெயர் கவிதைக்கு வெளியே இருப்பதால் முதல் திருப்பத்திலேயே உதிர்ந்துவிடுகிறது.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

பிரித்தானியர் காலத்தில் 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தையே இலங்கை பின்பற்றியது. 1979இல் புலமைச் சொத்துக் கோவை வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆர்வத்துக்கு எழுதுபவரை அது தொடும் இடங்கள் வருமாறு.

1. ஓர் ஆக்கம் உருவாக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தினாலேயே பாதுகாப்புப் பெறுகிறது என்றும், அதன் வடிவமோ உள்ளடக்கமோ தரமோ நோக்கமோ பொருட்டல்ல என்றும் 6ஆம் பிரிவு கூறுகிறது. ‘தரம்’ என்ற சொல் அங்கே இருப்பது தற்செயலல்ல. நீதிமன்றம் கவிதையின் நயம் பார்த்து உரிமை வழங்குவதில்லை. யாப்பு வழுவிய கவிதைக்கும், மரபோ புதுக்கவிதையோ என்று தீர்மானிக்க முடியாத வரிகளுக்கும், சொந்தமாக ஆக்கப்பட்டவையாயின், ஒரே பாதுகாப்புத்தான்.

2. பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறை இங்கு இல்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்யப்படுபவை வணிகக் குறி, ஆக்கவுரிமை, கைத்தொழில் வடிவமைப்பு போன்றவை. தேசிய நூலகத்தில் நூலுக்குப் பெறும் ஐஎஸ்பிஎன் எண்ணை உரிமைச் சான்றிதழ் போலக் காட்டுவோர் உண்டு. அது நூலை இனங்காணும் எண். அதற்குள் எந்த உரிமையும் இல்லை.

3. எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பது 8ஆம் பிரிவு. மழையும் ஒற்றைக் குடையும், காலிமுகத்திடலும் கடலைச் சுருளும் எவருக்கும் தனியுரிமை அல்ல. ஒருவர் தன் உவமையை இன்னொருவர் ‘திருடிவிட்டார்’ என்று எழுப்பும் முறைப்பாடுகளில் பல இந்த இடத்திலேயே நின்றுவிடும். பாதுகாக்கப்படுவது சொல்லிய விதமே. ஒரே நிலத்தையும் பொழுதையும் பூவையும் பறவையையும் நூற்றுக்கணக்கான புலவர்கள் பங்கிட்டுக்கொண்ட அகமரபில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கக் கடினமில்லை.

4. பெயர் குறிப்பிடப்படும் உரிமையும், சிதைவை எதிர்க்கும் உரிமையும் 10ஆம் பிரிவில் உள்ளன. அதே பிரிவு புனைபெயரில் எழுதும் உரிமையையும் தருகிறது. காதல் கவிதைக்கு இது மிக வேண்டியது. வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் புனைபெயரில் காதலை எழுதும் பெண்கள் பலருக்குப் ‘பெயர் நிற்க வேண்டும்’ என்பதன் பொருள் அந்தப் புனைபெயர் நிற்க வேண்டும் என்பதே. பாராட்டும் ஆர்வத்தில் ‘இதை எழுதியவர் உண்மையில் இன்னார்’ என்று வெளிப்படுத்துபவர், பெயரை வெட்டியவரைவிடக் கூடுதலான தீங்கைச் செய்கிறார்.

5. பாதுகாப்பு, ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பெயரின்றியோ புனைபெயரிலோ வெளியாகி, எழுதியவர் யாரென்று தெரியாமலே இருந்தால், முதல் பிரசுரத்திலிருந்து 70 ஆண்டுகள்.

6. பிறர் கவிதையிலிருந்து சிறு பகுதியை, மூலத்தையும் எழுதியவர் பெயரையும் காட்டி மேற்கோளாக எடுத்தாளச் சட்டம் இடந்தருகிறது. சிக்கல் கவிதையின் அளவில் இருக்கிறது: நாவலில் நான்கு வரி சிறு பகுதி, நான்கு வரிக் கவிதையில் நான்கு வரியும் முழு ஆக்கம்.

7. வேண்டுமென்றே மீறுவது நீதவான் முன்னிலையில் விசாரிக்கப்படும் குற்றம். 178ஆம் பிரிவின்படி 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். குடியியல் வழக்குகள் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. ஒரு வாழ்த்தட்டைக் கவிதைக்காக அங்கே படியேறுவது எவருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் நடைமுறையில் சட்டம் வழக்காக அன்றி, ‘பெயரைப் போடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பதற்கான பிடியாகவே பயன்படுகிறது. பெரும்பாலும் அதுவே போதும்.

கவிதை கடல் கடந்தாலும் உரிமை அறுந்துவிடாது. இலங்கை 1959இலிருந்து, பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பேர்ண் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியாவும் உறுப்பு நாடு. கொழும்பில் எழுதப்பட்ட கவிதையைச் சென்னையில் ஒருவர் காணொளியாக்கினால் அங்குள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பாதுகாக்கும். அங்கே காலவரை ஆயுளும் 60 ஆண்டுகளும். முகநூலில் பதிவதாலும் உரிமை போய்விடுவதில்லை. பதிபவர் அந்நிறுவனத்துக்குக் கொடுப்பது தனியுரிமையல்லாத ஒரு பயன்பாட்டு அனுமதியே. உடைமை பதிந்தவரிடமே இருக்கிறது.

பாடபேதமே சாட்சி

பெயர் உதிர்ந்த கவிதையை இருவர் தமதென்று சொன்னால் என்ன செய்வது? முதலில் யார் பதிந்தார் என்று திகதி பார்ப்பது வழக்கம். முதலில் பதிந்தவர் முதலில் எழுதியவராக இருக்க வேண்டியதில்லை என்பதால் அது மட்டும் போதாது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் கையாண்ட பழைய முறை இங்கே நன்றாகவே உதவுகிறது: பாடங்களை, அதாவது ஒரே ஆக்கத்தின் வேறுபட்ட வடிவங்களை, ஒப்பிட்டு, எதிலிருந்து எது திரிந்திருக்க முடியும் என்று பார்ப்பது.

விளக்கத்துக்காக இங்கே புனைந்த இரண்டு அடிகள்:

‘வடிவாக நீசிரித்தால் வானம் வெளுக்கிறது
விடியாத என்தெருவில் வெயிலும் முளைக்கிறது.’

இதே அடிகள் வேறொருவர் பெயரில் ‘அழகாக நீசிரித்தால்’ என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ‘வடிவு’ என்ற சொல் அழகு என்ற பொருளில் இலங்கையில் அன்றாடம் புழங்குவது. தமிழகத்து வாசகருக்கு அது சற்று அயலாகத் தோன்றும் என்பதால் யாரோ மாற்றியிருக்கலாம். மாற்றியவர் கவனிக்காதது எதுகையை. ‘வடி’, ‘விடி’ என்று இரண்டாம் எழுத்து ஒத்து நின்றது ‘அழ’ வந்ததும் அறுந்துவிட்டது. ‘வடிவாக – வானம்’ என்ற மோனையும் கூடவே போயிற்று. அடுத்த அடியின் ‘விடியாத’ எதுகைக் கூட்டாளியைத் தேடி வெறுமனே நிற்கிறது. ‘அழகாக’ என்று முதலில் எழுதியவர் அடுத்த அடியை ‘விடியாத’ என்று தொடங்க எந்தத் தேவையும் இல்லை. ‘வடிவாக’ என்று எழுதியவருக்குத் தேவை இருந்தது. ஆகவே மூலம் எதுவென்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ‘கதைத்தாய்’ என்பதைப் ‘பேசினாய்’ என்றும், ‘கதிரை’யை ‘நாற்காலி’ என்றும் மாற்றிய இடங்களிலும் இப்படியான தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். யாப்பைப் பற்றிக் கவலைப்படாத வசன கவிதையில் இந்தச் சாட்சி கிடைக்காது என்பது ஒரு குறை.

எழுத்துப்பிழை நம்பத்தக்க சாட்சியல்ல. பிழையற்ற பாடமே மூலம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிழை மலிந்த மூலத்தை ஒரு தமிழாசிரியர் திருத்தி அனுப்பியிருக்கவும் கூடும்.

இப்படி மாற்றுவது 10ஆம் பிரிவு சொல்லும் சிதைப்பா? ஒரு சொல் மாற்றம் எழுதியவரின் நற்பெயரைக் கெடுக்கும் என்று நிறுவுவது எளிதல்ல. பிரிவைப் பாடிய கவிதையின் கடைசி இரண்டு வரிகளை வெட்டி, அதையே திருமண வாழ்த்தாக்குவது வேறு வகை.

இன்னும் சில ஐயங்கள்

இயந்திரம் எழுதிய கவிதை: சட்டம் ஆக்கியோனை ‘ஆக்கத்தை உருவாக்கிய இயற்கை ஆள்’ என்றே வரையறுக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய காதல் கவிதையின் கீழே பெயர் போட்டுக்கொள்பவர், அந்தப் பெயருக்கு இந்தச் சட்டத்தில் இடம் தேடுவது கடினம்.

கவிதையில் ஒருவரின் அந்தரங்க விபரம்: 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கோடு அவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் கடுமையாக விமர்சிக்கப்பட்ட சட்டம் அது. அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் மறுத்துவிட்ட ஒருவரின் பெயரையும் வேலைத்தலத்தையும் சோகக் கவிதையாக்கித் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதை, கவிதை என்ற காரணத்தால் மட்டும் வேறாகப் பார்க்க அதில் எதுவும் இல்லை.

ஒருவருக்கு மட்டும் எழுதிய கவிதை: இதுதான் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. காதலிக்கோ காதலனுக்கோ கையால் எழுதிக் கொடுத்த கவிதை, பெற்றவருக்குப் பரிசு. ஆகவே அதை என்னவும் செய்யலாம் என்று நினைப்பார்கள். பரிசாகப் போனது தாள். அதைப் பெட்டிக்குள் வைக்கலாம், கிழிக்கலாம், எரிக்கலாம். படமெடுத்து ஊருக்குக் காட்டுவதற்கு எழுதியவரின் சம்மதம் வேண்டும், ஏனெனில் ஆக்கத்தை முதன்முதலில் வெளியிடும் உரிமையும் அவரிடமே இருக்கிறது. உறவு முறிந்த பிறகும் இந்த நிலை மாறாது. எழுதியவர் தன் ஆயுள் முழுதும் அதற்கு உரியவர்; அவருக்குப் பின் 70 ஆண்டுகளுக்கு அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அவர்கள் வேறொரு மணத்தில் பிறந்தவர்களாக இருந்தாலும்.